வால்வு எரியும், பாட்டு அதன் வழியாக வராது: ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவை ஒட்டிய சந்துக் கடை ஒன்றில் ‘வால்வு ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர்’ என்று சொல்லி எனக்கு ஒரு பெட்டியை விற்றார்கள். விலை 6,500 ரூபாய். ஹெட்போனுக்குப் போகும் ஒலியைப் பெருக்கும் கருவி இது; பழைய ரேடியோவில் இருந்தது போன்ற கண்ணாடிக் குழாய், அதாவது வால்வு, அந்த வேலையைச் செய்ய வேண்டும். அதில் வால்வு இருக்கிறது, எரியவும் செய்கிறது. ஆனால் பாட்டு அந்த வால்வு வழியாக வருவதே இல்லை. இதே பெட்டி வெவ்வேறு பெயர் ஒட்டி இணையக் கடைகளிலும் கிடைக்கிறது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து நல்ல ஒலிக்காகக் காசு சேர்ப்பவர்கள்தான் இதை வாங்குகிறார்கள் என்பதால் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ ஹெட்போன். 250 ஓம் ரகம் (ஓம் என்பது மின்னோட்டத்துக்கு ஹெட்போன் காட்டும் தடையின் அளவு). ஒரு மில்லிவாட் மின்திறன் கொடுத்தால் 96 டெசிபல் (சத்தத்தின் அளவு) ஒலி தரும் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. என் லேப்டாப் அதிகபட்சமாக 1 வோல்ட் தருகிறது. 250 ஓமில் அது 4 மில்லிவாட், அதாவது உச்சத்தில் 102 டெசிபல். இப்போது வெளியாகும் பாட்டுகளுக்கு அதுவே தாராளம். பழைய சபா கச்சேரிப் பதிவுகளுக்குப் போதாது. தாழ்ந்த அளவில் பதிவானவை அவை. ஆலாபனை மெல்ல எழும்போது வால்யூமை முழுவதும் ஏற்றினாலும் தம்பூராவும் மிருதங்கத்தின் தொப்பியும் எங்கோ தூரத்தில் நிற்கும். 110 டெசிபல் வரை சத்தம் எழ இடம் வேண்டுமென்றால் 25 மில்லிவாட், அதாவது 2.5 வோல்ட் தேவை. என் தேவை அவ்வளவுதான். கடைக்காரரிடமும் இதையே சொன்னேன்: 250 ஓம், 2.5 வோல்ட், ஏழாயிரத்துக்குள்.

“இது 2000 மில்லிவாட் தரும் சார், உங்களுக்குத் தேவைக்கு மேலேயே இருக்கிறது” என்றார். பெட்டியின் மேலும் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. எத்தனை ஓமில் 2000 என்று கேட்டேன். “எல்லா ஓமுக்கும்தான் சார்” என்று பதில் வந்தது.

ஓம் சொல்லாத மில்லிவாட் கணக்கால் யாருக்கும் பயனில்லை. 32 ஓம் ஹெட்போனில் 2000 மில்லிவாட் தர 8 வோல்ட் வேண்டும். 250 ஓமில் அதையே தர 22 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். ஒரே பெட்டி இரண்டிலும் ஒரே அளவு தருவதாகச் சொல்வது வாங்குபவருக்குக் கணக்குத் தெரியாது என்று நம்பிச் சொல்லும் பொய். வோல்ட் எவ்வளவு என்று மறுபடி கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. “காதால் கேளுங்கள் சார், காகிதத்தை ஏன் பார்க்கிறீர்கள்” என்று ஹெட்போனை வாங்கிச் செருகினார்.

இந்தக் கடை டெமோவைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். முதலில் தன் போனில் நேரடியாகச் செருகி ஒரு பாட்டைப் போட்டார். பிறகு அதே பாட்டை அந்தப் பெட்டி வழியாகப் போட்டார், குமிழைப் பாதிக்கு மேல் திருப்பி வைத்துக்கொண்டு. இரண்டாவது கட்டாயம் நன்றாகத்தான் கேட்கும். ஒரே பாட்டை ஒரு டெசிபல் மட்டும் கூட்டி வைத்தால் நம் காது அதைச் சத்தம் கூடியதாக எடுத்துக்கொள்வதில்லை. தெளிவு கூடியது, குரல் முன்னால் வந்தது என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஒலித்துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. அதனால்தான் இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது மீட்டர் வைத்து இரண்டின் வோல்ட்டையும் சமமாக்கிவிட்டுக் கேட்கிறார்கள். சத்தத்தைச் சமமாக வைத்து இன்னொரு முறை போடுங்கள் என்றேன். வரிசையில் ஆள் நிற்கிறார்கள், நேரமில்லை என்றார். ஒலி மேடை விரிகிறது, வால்வின் கதகதப்பு வந்துவிட்டது என்று நான் கேட்டு முடிப்பதற்குள் அவரே எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டில் முதலில் கண்ணில் பட்டது விளக்குதான். சுவிட்சைப் போட்ட நொடியிலேயே இரண்டு வால்வும் ஆரஞ்சு நிறத்தில் பளீரென்று எரிந்தன. பாட்டும் அதே நொடியில் வந்தது. வீட்டில் வால்வு ரேடியோ வைத்திருந்தவர்களுக்கு இது எவ்வளவு தவறு என்று உடனே புரியும். வால்வுக்குள் இழை சூடேறி, அது கேதோடு என்ற உலோகப் பகுதியைச் சூடாக்கி, அதிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பிய பிறகுதான் வால்வு வேலை செய்யும். அதற்குக் குறைந்தது பத்து வினாடியாவது பிடிக்கும். ரேடியோவைப் போட்டுவிட்டு அது பாடத் தொடங்கும்வரை காத்திருந்தது அதற்காகத்தான். இழையின் உண்மையான ஒளியும் மங்கலாக, மெதுவாகத்தான் வரும், அணைக்கும்போது மெதுவாகத்தான் போகும். இங்கே வந்ததும் போனதும் நொடியில்.

பெட்டியை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, இரண்டு வால்வையும் சாக்கெட்டிலிருந்து உருவி எடுத்தேன். மறுபடி சுவிட்சைப் போட்டேன். பாட்டு வந்தது. ஒரு துளி மாற்றம் இல்லை. வால்வு இருந்த சாக்கெட்டின் நடுத் துளையிலிருந்து ஆரஞ்சு எல்இடி ஒன்று கூரையைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது.

கடைக்குப் போன் செய்தேன். பெட்டி புதிது, 200 மணி நேரம் ஓடவிட வேண்டும், பிறகுதான் ‘திறக்கும்’ என்றார்கள். பர்ன்-இன் என்று இதற்குப் பெயர். இந்தப் பேச்சைக் கேட்டால் மிகவும் கவனமாக இருங்கள். தினமும் மூன்று மணி நேரம் கேட்பவருக்கு 200 மணி நேரம் ஓட இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். கடைக்காரர் சொன்ன ‘திருப்பித் தரும் காலம்’ ஏழு நாள். பெட்டி தானாகச் சரியாகிவிடும் என்று நீங்கள் காத்திருக்கும்போதே அந்தக் காலம் முடிந்துவிடும். வால்வை உருவிய பிறகும் பாடுகிறதே, அது எத்தனை மணி நேரத்தில் சரியாகும் என்று கேட்டேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

அதே பகுதியில் மாடியில் ஒரு சிறிய அறையில் ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். மைக் செட், கீபோர்டு என்று எதைக் கொண்டுபோனாலும் திறந்து பார்த்து, செலவு செய்யத் தகுமா தகாதா என்று முகத்துக்கு நேரே சொல்பவர். ரிச்சி தெருவில் இப்படிப்பட்ட மனிதர்களும் நிறைய இருக்கிறார்கள். அவர் பெட்டியைத் திறந்து உள்ளிருந்த சர்க்யூட் பலகையைத் திருப்பிக் காட்டினார். வால்வு 6ஜே1 என்ற சிறிய வகை, ஏழு பின்கள் (கம்பிக் கால்கள்) கொண்டது. அந்த ஏழில் இழைக்குரிய மூன்றாவது, நான்காவது பின்களுக்கு மட்டும்தான் பலகையில் செம்புத் தடம் போகிறது. மற்ற ஐந்து பின்களுக்கும் ஈயம் வைத்திருக்கிறார்கள், ஆனால் அங்கிருந்து எங்கேயும் தடம் இல்லை. “தம்பி, இது சூடாவதற்கு மட்டும் கரண்ட் குடிக்கிறது, வேறு வேலை எதுவும் இல்லை” என்றார். உள்ளே வரும் பாட்டு நேராக எட்டுக் கால் ஐசி (சில்லு) ஒன்றுக்குப் போய், அதிலிருந்து ஹெட்போன் துளைக்கு வருகிறது. அந்த ஐசியின் முதுகில் அதன் வகை எண்ணே இல்லை. உப்புத்தாள் வைத்துத் தேய்த்த கோடுகள் சாய்த்துப் பிடித்தால் தெரிந்தன.

பிறகு அளந்தார். அலை நசுங்காமல், அதாவது ஒலி சிதையாமல், வந்த அதிகபட்சம் 1.6 வோல்ட். 33 ஓம் தடை ஒன்றைக் குறுக்கே போட்டதும் அது 0.4 வோல்ட்டாக விழுந்தது. அப்படி விழுந்தால் பெட்டியின் வெளியீட்டு இம்பீடன்ஸ் (பாட்டு வெளியே வரும் வழியில் பெட்டியே காட்டும் தடை) ஏறத்தாழ 100 ஓம் என்று பொருள். ஹெட்போன் துளைக்கு முன்னால் 100 ஓம் தடை ஒன்றைத் தொடராக வைத்திருந்தார்கள், அதையும் காட்டினார். என் 250 ஓம் ஹெட்போனுக்கு வந்து சேர்வது 1.14 வோல்ட், ஐந்து மில்லிவாட் சொச்சம். பெட்டி மேல் 2000 என்று இருக்கிறது. லேப்டாப் தரும் 1 வோல்ட்டைவிட இது ஏறத்தாழ ஒரு டெசிபல் மட்டுமே கூடுதல். அந்த ஒரு டெசிபலுக்கு 6,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

32 ஓம் இயர்போன் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெட்டி இன்னும் மோசம். வோல்ட்டில் முக்கால் பங்கு அந்த 100 ஓம் தடையிலேயே கரைந்துவிடும். ஹெட்போனின் இம்பீடன்ஸ் எல்லாச் சுருதியிலும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதால், எங்கே அது ஏறுகிறதோ அங்கே ஒலி கூடும், எங்கே இறங்குகிறதோ அங்கே குறையும். பாட்டின் சமநிலையே மாறிப்போகும். ஹெட்போனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு இம்பீடன்ஸ் இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் பலரும் கைக்கொள்ளும் விதி. 32 ஓமுக்கு 4 ஓம். கூடவே கொடுத்த 12 வோல்ட் அடாப்டரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையோ, ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணோ இல்லை. இத்தகைய அடாப்டர்களுக்கு இந்தியாவில் அந்தப் பதிவு கட்டாயம். மின்சாரத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள பொருளில் இப்படி விளையாடுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சிறிய பணத்தில் நல்ல ஆம்ப்ளிஃபையர் செய்ய முடியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெயரை வெளியிடாத ஒரு பொறியாளர் 2011-இல் ஓ2 என்ற வடிவமைப்பை, சர்க்யூட் படத்தோடும் அளவீடுகளோடும் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஐசிகள், இரண்டு 9 வோல்ட் பேட்டரி, வெளியீட்டு இம்பீடன்ஸ் ஒரு ஓமுக்கும் குறைவு. அந்தப் பெரியவரே கேட்பவர்களுக்கு அதைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். எனக்கு அவர் முதலில் சொன்னது அதைவிட எளிய வழி: யுஎஸ்பி துளையில் செருகும் விரல் நீள டாங்கிள்களில் (ஹெட்போனைச் செருக உதவும் சிறு இணைப்புக் கருவிகள்) 2 வோல்ட் தருபவை இருக்கின்றன. என் ஹெட்போனுக்கு அது 16 மில்லிவாட், உச்சம் 108 டெசிபல். லேப்டாப்பைவிட ஆறு டெசிபல் கூடுதல், கொடுத்த பணத்துக்கு உள்ளேயே. ஆப்பிளின் சிறிய டாங்கிள் சுத்தமானதுதான், ஆனால் 1 வோல்ட் ரகம். ஐரோப்பாவுக்கான வடிவம் அதிலும் பாதி. என் தேவைக்கு அது பயன்படாது, 32 ஓம் இயர்போன்காரர்களுக்கு அதுவே போதும். எதை வாங்கினாலும் எத்தனை ஓமில் எத்தனை மில்லிவாட், வெளியீட்டு இம்பீடன்ஸ் எவ்வளவு என்ற இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். அச்சிடாத தயாரிப்பாளரிடம் வாங்காதீர்கள்.

பெட்டியோடு கடைக்கு நேரில் போனேன். அடிப்பக்க ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறது, வாரண்டி போய்விட்டது என்றார் கடைக்காரர். பணம் கொடுத்தபோது பில் கேட்டிருந்தேன். பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும் என்று ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்ட துண்டுச் சீட்டைத்தான் தந்தார்கள். அதன் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்றும் இருக்கிறது. யுபிஐ-யில் பணம் போனது கடை பெயருக்கு இல்லை, ஒரு தனிநபர் பெயருக்கு. அட்டைப்பெட்டியில் இறக்குமதியாளர் முகவரி இல்லை, அதிகபட்ச சில்லறை விலையும் இல்லை. இரண்டும் சட்டப்படி இருந்தாக வேண்டியவை.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பில் தராததையே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதையும் அப்படியே சொல்கிறது. இதைச் சொன்னபோது, பணம் தர முடியாது, அதே விலைக்குக் கேபிள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மறுத்துவிட்டேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தேன், கடை அதற்குப் பதில் தரவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். எஸ்டிமேட் சீட்டு, யுபிஐ ரசீது, பலகையின் அடிப்பக்கப் படம், வால்வு இல்லாமல் பாடும் வீடியோ எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன்.

முன்பக்கம் கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகடு, அதன் மேல் இரண்டு சிறிய வால்வு, நடுவில் ஒரே குமிழ், பெட்டியில் ‘2000 மில்லிவாட்’ என்ற எழுத்து: இந்த அடையாளத்தில் யாராவது வாங்கியிருந்தால், அணைத்து ஆறவிட்ட பிறகு வால்வுகளை உருவிவிட்டு ஒரு முறை பாட்டைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பாடினால் அதை வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள், அடிப்பக்க ஸ்டிக்கரைத் தொடாதீர்கள், பணம் கட்டிய ரசீதை அழிக்காதீர்கள். வாங்கி 30 நாள் ஆகவில்லையென்றால் பணத்தைத் திரும்பக் கேட்டு இன்றே எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.