அசுவினி எதிர்ப்பு சோயா: 8 பருவம் விதைத்துப் பார்த்ததில்

அசுவினி என்பது செடியின் சாற்றைக் குடிக்கும் சின்னப் பூச்சி. சோயா விதை மூட்டையில் "அசுவினி எதிர்ப்பு ரகம்" என்று போட்டிருந்ததும் வயலில் பூச்சியே இருக்காது என்று நம்பித்தான் முதல் வருஷம் விதைத்தோம். ஜூலை கடைசியில் இளம் இலையைத் திருப்பிப் பார்த்தால் செடிக்கு 20, 30 என்று மஞ்சள் பச்சையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஆனால் 2 வாரம் கழித்து எண்ணினபோதும் ஏறக்குறைய அதே கணக்குதான், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஓரத்தில் 8 வரிசை சாதாரண ரகம் போட்டிருந்தோமே, அங்கே அதற்குள் செடிக்கு 300 தாண்டிவிட்டது, உள்ளே நடந்துவிட்டு வந்தால் பேண்ட் முழுக்கத் தேன் மாதிரி பிசுபிசுப்பு, கீழ் இலைகளில் கரும்பூசணம்.

நான் வேலை பார்ப்பது அமெரிக்காவில், வட அயோவாவில், இயற்கை விவசாயச் சான்றிதழ் வாங்கின பண்ணையில். வழக்கமான பூச்சிமருந்தைத் தொட முடியாது. இந்த சோயா அசுவினி ஆசியாவிலிருந்து வந்தது, வட அமெரிக்காவில் முதலில் கண்ணில் பட்டது 2000இல், விஸ்கான்சினில். கோடையில் எல்லாமே பெண்தான், ஆண் துணை இல்லாமலே நேரடியாகக் குஞ்சு போடும், சூடு மிதமாக இருந்தால் 2, 3 நாளில் இரட்டிப்பாகிவிடும். செடிக்குச் சராசரி 250, பத்தில் எட்டுச் செடியில் பூச்சி, எண்ணிக்கையும் ஏறுமுகம் என்றால் மருந்தடி என்பது இங்கே எல்லாரும் வைத்திருக்கிற கணக்கு. எங்களுக்கு அந்த வழி இல்லாததால், 250க்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் ஒரே வழி.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்றால், டவ்லிங், ஜாக்சன் என்ற பழைய அமெரிக்க ரகங்களிலிருந்து. 2004இல் இல்லினாய்ஸ் ஆராய்ச்சியாளர்கள் இதை வெளியிட்டார்கள். டவ்லிங்கில் இருக்கும் மரபணுவுக்கு ராக்1 என்று பெயர், அப்புறம் ஜப்பானிலிருந்து வந்த விதைகளில் ராக்2 கிடைத்தது. இரண்டுமே ரகத்தோடு ரகத்தைக் கலக்கும் சாதாரண முறையில் சேர்த்தவை, மரபணு மாற்றுப் பயிர் இல்லை, அதனால்தான் எங்களால் விதைக்க முடிகிறது. பூச்சி செடியில் உட்காரும், ஆனால் சரியாகக் குடிக்காது, சீக்கிரம் சாகும், குஞ்சும் குறைவாகப் போடும். பெருக்கம் மந்தமானால் பொறிவண்டுகளே மீதியைத் தின்றுவிடுகின்றன, எங்கள் வயலில் வருஷா வருஷம் பார்க்கிறேன்.

முதல் 3 பருவம் ராக்1 மட்டும் இருந்த விதை. முதல் இரண்டும் நன்றாகப் போயின. மூன்றாவது பருவத்தில் மேற்குத் துண்டு கையை விட்டுப் போனது, ஆகஸ்ட் நடுவில் எதிர்ப்பு ரகத்துக்கும் ஓரத்து வரிசைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன், ராக்1ஐத் தாண்டி வாழும் அசுவினியை 2008இலேயே, அந்த விதை கடைக்கு வருவதற்கு முன்னாலேயே, ஒஹாயோவில் கண்டுபிடித்திருக்கிறார்கள். விற்றவர் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எத்தனை மரபணு இருக்கிறது என்று நான் கேட்டதற்கே "எதிர்ப்பு ரகம்தான், கவலைப்படாதீங்க" என்றுதான் பதில் வந்தது, அதை நினைத்தால் இன்னமும் கோபம் வருகிறது.

நான்காவது பருவத்திலிருந்து ராக்1, ராக்2 இரண்டும் சேர்ந்த விதை. 5 பருவத்தில் ஒரு தடவைகூட 250ஐத் தொடவில்லை, அதிகபட்சம் 60 சொச்சம். இதையும் தாண்டும் அசுவினி விஸ்கான்சினில் கிடைத்திருக்கிறது, அதனால் ஜூலை நடுவிலிருந்து வாரம் ஒரு தடவை எண்ணுவதை நான் நிறுத்தவே இல்லை. காற்றுத்தடுப்பு மரவரிசையில் பக்தார்ன் புதர்கள் இருந்தன, பூச்சி குளிர்காலத்தை முட்டையாக அதில்தான் கழிக்கும், கண்ணில் பட்டதையெல்லாம் வேரோடு எடுத்துவிட்டோம்.

விளைச்சல் குறையுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பூச்சி வராத வருஷங்களில் ஓரத்து 8 வரிசைக்கும் மற்றதற்கும் எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. குறை என்று பார்த்தால் வேறு: ரகங்கள் மிகக் குறைவு, கிடைப்பதில் பாதி எங்கள் பக்கத்துக்கு முதிர நாளாகும், ஒரு வருஷம் பனி முந்திக்கொண்டு கடைசிக் காய்கள் பச்சையாகவே நின்றன. களைக்கொல்லி தாங்கும் விதையில் இந்த மரபணுக்கள் கிடைப்பதும் அரிது, அதனால் மருந்தடிக்கும் அண்டை விவசாயிகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு அது வருத்தம்தான். 2015இலேயே மின்னசோட்டாவில் பைரித்திராய்டு என்ற பூச்சிமருந்து அடித்தும் அசுவினி சாகாமல் நின்றது, இருக்கிற மருந்து ஒவ்வொன்றாகக் கைவிடும்போது அவர்களுக்கும் இந்த விதை தேவைப்படும், அன்றைக்கு ரகமே இல்லாமல் போய்விடக் கூடாது.

வாங்குகிறவர்கள் ராக்1ஆ, ராக்2ஆ, இரண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். ஒன்று மட்டும்தான் என்றால் நான் வாங்க மாட்டேன். அடுத்த பருவத்துக்கும் இரட்டை விதைக்கே சொல்லி வைத்திருக்கிறோம், ஓரத்தில் வழக்கம்போல 8 வரிசை சாதாரண ரகம்.