சிறப்பு விதியா, பொது விதியா? ஐ.நா. சட்ட ஆணையத்தின் 2006 அறிக்கை எப்படி?

"சிறப்பு விதி பொது விதியை வெல்லும்" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு சர்வதேசச் சட்டத்தில் வாதாட முடியாது. (எல்லோருக்கும் பொருந்துவது பொது விதி; ஒரு துறைக்கோ சில நாடுகளுக்கோ மட்டும் ஆனது சிறப்பு விதி.) எது சிறப்பு, எந்த அளவுக்கு வெல்லும் என்று எதிர்த்தரப்பு கேட்டதும் வாதம் நின்றுவிடும். அந்த இடத்தில் கைகொடுப்பது ஐ.நா. சர்வதேசச் சட்ட ஆணையத்தின் ஆய்வுக்குழு அறிக்கை. ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழில் கிடையாது.

பதிவிறக்கும்போது ஆவண எண்ணைப் பார்த்து இறக்குங்கள். ஏ/சிஎன்.4/எல்.682 என்பது குழுத் தலைவர் மார்ட்டி கொஸ்கென்னியெமி இறுதி செய்த நீண்ட அறிக்கை, சுமார் 250 பக்கம். எல்.702இல் அதைச் சுருக்கிய 42 முடிவுகள் உள்ளன. நேரமில்லாதவர்கள் முடிவுகள் 5 முதல் 10 வரை படித்தால் போதும். விளக்கம் வேண்டுமென்றால் நீண்ட அறிக்கையின் 46ஆம் பத்தியிலிருந்து தொடங்கலாம்.

இந்த ஆறு முடிவுகளில்தான் அறிக்கையின் பலம் இருக்கிறது. சிறப்பு விதி என்றால் பொது விதியை ஒதுக்கித் தள்ளுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 8ஆம் முடிவு அதைத் திருத்துகிறது: பொது விதியைச் செயல்படுத்த, தெளிவாக்க, புதுப்பிக்க, மாற்றவும் சிறப்பு விதி பயன்படும், ஒதுக்குவது அவற்றோடு இன்னொரு பயன் மட்டுமே. ஒதுக்கினாலும் பொது விதி செத்துவிடாது, பின்னால் நின்றுகொண்டே இருக்கும் என்கிறது 9. ஒதுக்கவே முடியாத பொது விதிகளை 10 சொல்கிறது: யூஸ் கோகென்ஸ் எனப்படும் மீறவியலா விதிகள் முதலில். மூன்றாம் தரப்பின் உரிமை பாதிக்கப்பட்டாலும் சிறப்பு விதி எடுபடாமல் போகலாம்.

அணு ஆயுதங்கள் குறித்து சர்வதேச நீதிமன்றம் 1996இல் தந்த ஆலோசனைக் கருத்தின் 25ஆம் பத்தியை இதனோடு வைத்துப் படியுங்கள். போரிலும் உயிர்வாழும் உரிமை நீடிக்கிறது. எந்தக் கொலை "தன்னிச்சையானது" என்பதைப் போர்ச் சட்டம் தீர்மானிக்கும். ஆக அங்கே மனித உரிமைச் சட்டம் வெளியேறவில்லை, அதிலுள்ள ஒரு சொல்லுக்குப் பொருள் மட்டும் வேறு இடத்திலிருந்து வந்தது. இதைக் கவனிக்காமல் "போர் என்றால் மனித உரிமை இல்லை" என்று எழுதுவதுதான் மாணவர் விடைத்தாள்களில் சகஜமான பிழை.

அறிக்கை எவ்வளவு தாங்கும் என்று பார்க்க இலங்கை வழக்கு ஒன்றே போதும். 1987 ஜனவரியில் இலங்கைப் போலீஸின் விசேட அதிரடிப்படை நடவடிக்கையில் மட்டக்களப்பு இறால் பண்ணை ஒன்று அழிந்தது. அதில் முதலீடு செய்திருந்த, அன்று பிரிட்டன் ஆட்சியில் இருந்த ஹாங்காங்கின் நிறுவனம் ஏஏபிஎல், 1980ஆம் ஆண்டின் பிரிட்டன்-இலங்கை முதலீட்டு ஒப்பந்தத்தின் கீழ் வழக்குப் போட்டது. ஒப்பந்தத்தில் உள்ள "முழுப் பாதுகாப்பு" என்ற சொல்லே அரசின் பொறுப்புக்குப் போதும், தவறு நடந்ததா என்று பார்க்கவேண்டியதில்லை என்பது நிறுவனத்தின் வாதம். நடுவர் தீர்ப்பாயத்தின் 1990 தீர்ப்பு அதை ஏற்கவில்லை. ஒப்பந்தம் தனக்குள் மூடிக்கொண்ட அமைப்பு அல்ல என்று சொல்லி, பொதுச் சட்டத்தின் "உரிய கவனம்" என்ற அளவுகோலை எடுத்தது. புலிகளோடு தொடர்பு என்று சந்தேகிக்கப்பட்ட பணியாளர்களை அகற்றச் சொல்லி நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டிருக்கலாம் என்பதால் அரசு அந்த அளவுகோலிலும் தவறியது. இழப்பீடு 4,60,000 டாலர். கேட்டதோ 80 லட்சத்துக்கு மேல். (அன்று அங்கே செத்தவர்களின் குடும்பங்களுக்கு இந்த வாசல் திறக்கவில்லை. ஒப்பந்தம் முதலீட்டாளருக்கு மட்டுமே.) 5 முதல் 10 வரையான முடிவுகளை வைத்துப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு அப்படியே விளங்கும்.

குறை எங்கே? ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு உறுப்புகளில் எது சிறப்பு என்று இரு தரப்பும் அடித்துக்கொள்ளும்போது அறிக்கை "சூழலைப் பாருங்கள்" என்பதோடு நகர்ந்துவிடுகிறது. நடைமுறைக்கு உதவும் சோதனை வேண்டுமென்றால் அதே ஆணையம் தந்த 2001ஆம் ஆண்டின் அரசுப் பொறுப்பு விதிகளில் 55ஆம் உறுப்பின் விளக்கவுரைக்குப் போகவேண்டும்: இரு விதிகளும் ஒரே பொருளைப் பேசினால் மட்டும் போதாது, உண்மையான முரண் இருக்கவேண்டும், அல்லது ஒன்று மற்றதை விலக்கும் நோக்கம் தெரியவேண்டும். எந்தத் தீர்ப்பாயம் முடிவு செய்யும் என்ற கேள்வியை ஆணையம் தெரிந்தே தொடவில்லை. வழக்கு நடத்துபவருக்கு முதலில் எழுவதே அந்தக் கேள்விதான்.

பழமையும் தெரிகிறது. ஈராக்கில் பிரிட்டன் படையினர் சிறைப்பிடித்தது பற்றிய ஹசன் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014இல் சொன்னது இதில் இருக்க வழியில்லை. போர்க்கால ஜெனீவா ஒப்பந்தங்களுக்கு இடம்கொடுத்து, ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தில் தனிமனிதச் சுதந்திரம் பற்றிய 5ஆம் உறுப்பைப் படித்த தீர்ப்பு அது. அதைத் தனியாகப் படிக்கவேண்டும்.

மேற்கோள் காட்டும்போது பக்க எண் வேண்டாம், பத்தி எண்ணைக் கொடுங்கள். "ஆணையம் விதித்தது" என்றும் எழுதாதீர்கள். 42 முடிவுகளை ஆணையம் கவனத்தில் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். இவை ஒப்பந்தமல்ல, யாரையும் கட்டுப்படுத்தாது.

5க்கு 4 கொடுக்கலாம். மீறவியலா விதிகள் பற்றி மட்டும் இதை நம்பி நிற்காமல், ஆணையம் 2022இல் நிறைவேற்றிய 23 முடிவுகளையும் இறக்கிவிடுங்கள். அதன் பின்னிணைப்பில் எட்டு விதிகள் பெயர் சொல்லித் தரப்பட்டிருக்கின்றன.