ஆறு டாலர் ஃபோம் டப்பா: மூன்று குளிர்காலம் பார்த்த பிறகு

சுவர்ச் சந்துக்குள் விட்டால் பொங்கி இறுகி, காற்றை அடைக்கும் ஃபோம் டப்பாவைப் பற்றிய விமர்சனம் இது. டெக்சாஸில், டல்லாஸுக்கு வடக்கே பிளேனோவில் இருக்கிறோம். 1990களில் கட்டிய செங்கல் வீடு. சமையலறை சிங்க் வடக்குச் சுவரை ஒட்டி, ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது. 2020 தொடக்கத்தில் மதுரையிலிருந்து வந்த என் அத்தை, கொரோனாவால் திரும்பிப் போக முடியாமல் எங்களோடே தங்கிவிட்டார். பாத்திரம் விளக்கும்போதெல்லாம், "ஏம்மா, இந்த சிங்க்குக்குக் கீழ இருந்து காலுக்குக் காத்து வருது, என்னன்னு பாரு" என்பார். நான் காலுக்குக் கீழே தடிமனான மிதியடி ஒன்றை வாங்கிப் போட்டேன். குழாயைப் பற்றிய எச்சரிக்கை அது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

2021 பிப்ரவரி 15, திங்கட்கிழமை விடிவதற்குள் கரண்ட் போய்விட்டது. மறுநாள் காலை டல்லாஸ் விமான நிலையத்தில் மைனஸ் 2 பாரன்ஹீட், அதாவது மைனஸ் 19 செல்சியஸ். 1949-க்குப் பிறகு இந்த ஊர் காணாத குளிர். நாங்கள் நான்கு பேரும் ஹாலில் மெத்தைகளை ஒட்டிப் போட்டுப் படுத்துக் கிடந்தோம். புதன்கிழமை சாயங்காலம் கரண்ட் வந்தது, ஹீட்டர் ஓட ஆரம்பித்தது. சிங்க் குழாயில் மட்டும் தண்ணீர் வரவில்லை. பாத்ரூமில் பிடித்து டீ போட்டுக் குடித்தோம். ஒன்றரை மணி நேரம் போயிருக்கும், சிங்க் அலமாரிக்குள்ளே புது வேட்டியைக் கிழிப்பது போல ஒரு சத்தம். கதவைத் திறந்தால் தண்ணீர் முகத்தில் அடிக்கிறது.

மெயின் வால்வு எங்கே என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. தெருவோரம் புல்லுக்குள் இருந்த மீட்டர் பெட்டியைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் கண்டுபிடித்துத் திருகி நிறுத்தினார். அதற்குள் சமையலறைத் தரை முழுக்க ஊறிவிட்டது. லேமினேட் பலகைகள் ஓரத்தில் உப்பி எழும்பின. சுவரின் உட்புற ஜிப்சம் பலகையை (ஷீட்ராக்) இரண்டடி உயரத்துக்கு அறுத்து எடுத்தார்கள். ஐந்து நாள், இரவும் பகலும், வாடகை ஃபேன்கள் வீட்டுக்குள் இரைந்தன.

பிளம்பர் வெட்டி எடுத்த செம்புக் குழாய்த் துண்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் சுண்டுவிரல் நீளத்துக்கு, மீன் வாய் திறந்த மாதிரி பிளந்திருக்கிறது. உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரிகிறது. ஐஸ் ஒரு இடத்தில் அடைத்துக்கொள்ள, அந்த அடைப்புக்கும் மூடியிருக்கும் டேப்புக்கும் நடுவில் மாட்டிய தண்ணீர் ஒதுங்க வழியில்லாமல் அழுத்தம் ஏறி உலோகத்தைப் பிளக்கிறது. ஐஸ் இருக்கிற வரை அதுவே மூடியாக நிற்கும். உருகினால்தான் வெள்ளம். குளிர் போய்விட்டது, தப்பித்தோம் என்று மூச்சு விடும் நேரத்தில் பல வீடுகளில் தண்ணீர் கொட்டுவது இதனால்தான்.

சரி, இனி டப்பா பற்றி.

பிளம்பர் புதிதாக பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாய் போட்டுவிட்டுப் போனார். ஆனால் அலமாரியின் பின்பலகையில், வீடு கட்டியவர்கள் குழாய்க்காக அறுத்த ஓட்டை அப்படியே இருந்தது. இரண்டு தண்ணீர்க் குழாயும் ஒரு கழிவுக் குழாயும் நுழைய, என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம். 2022 ஜனவரியில், வெளியே 25 டிகிரி (இனி எல்லாம் பாரன்ஹீட்) இருந்த ஒரு காலையில், அலமாரிக்குள் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். சமையலறையில் 68, அலமாரிக்குள் 39. இந்த இருபத்தொன்பது டிகிரி வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தேடியபோதுதான் அத்தை சொன்ன காற்று நினைவுக்கு வந்தது.

பூஜை அலமாரியிலிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்தேன். காற்று பலமாக அடித்த நாள் அது. ஜன்னல்களை எல்லாம் மூடி, அடுப்புக்கு மேலே உள்ள எக்ஸாஸ்ட் ஃபேனையும் துணி உலர்த்தியையும் ஓடவிட்டால், வீட்டுக் காற்று வெளியே போய், வெளிக்காற்று சந்து வழியாக உள்ளே இழுக்கப்படும். (கேஸில் ஓடும் வாட்டர் ஹீட்டர் வீட்டுக்குள் இருந்தால் அதை முதலில் அணைத்துவிடுங்கள். புகை வெளியேறாமல் உள்ளே திரும்பிவிடும்.) ஊதுபத்திப் புகை அலமாரிக்கு வெளியே நேராக ஏறியது. ஓட்டைப் பக்கம் கொண்டு போனதும் படுத்து, என் முகத்தை நோக்கி நீண்டது. என் மகள் டார்ச் பிடித்துக்கொண்டு "அம்மா, சுவர் ஊதுது" என்றாள்.

ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தால் இளஞ்சிவப்புக் கண்ணாடிப் பஞ்சு. இன்சுலேஷன் இல்லாமலில்லை, இருக்கிறது. ஒரு பிடி இழுத்துப் பார்த்தேன். நடுவில் கரி பூசியது போலக் கறுத்திருந்தது. புகை பட்ட கறுப்பு இல்லை. வருஷக்கணக்காக அதன் வழியே ஓடிய காற்றின் தூசியை அது வடிகட்டியிருக்கிறது. பஞ்சு காற்றை நிறுத்தாது. குளிரைத் தாமதப்படுத்தும், காற்றை விட்டுவிடும். வெளியே போய்ப் பார்த்தால், அதே இடத்துக்கு நேரே பழைய கேபிள் டிவி ஒயர் நுழைந்த கட்டைவிரல் அகல ஓட்டை, சுற்றிலும் பூச்சு உதிர்ந்து கிடந்தது. வடக்கிலிருந்து வரும் காற்று அதில் நுழைந்து, சுவருக்குள் குழாயைத் தடவிவிட்டு, அலமாரி வழியாக அத்தையின் காலுக்கு வந்திருக்கிறது.

அப்போது ஹார்டுவேர் கடையில் 12 அவுன்ஸ் ஃபோம் டப்பா ஆறு டாலர் சொச்சம். ஒரு குழல் காக், அதாவது சந்தை அடைக்கும் பசை, ஏழு டாலர். கறுப்பு நுரை உறை, குழாய்க்கு மாட்டுவது, ஆறடி நீளம் மூன்று டாலர். முதலில் வெளி ஓட்டையை ஒயரைச் சுற்றிக் காக் வைத்து அடைத்தேன். ஃபோம் வெயில் பட்டால் பழுத்து உதிரும் என்பதால் அதை வெளியே வைக்கவில்லை. அப்புறம் உள்ளே ஓட்டையின் ஓரத்தில் தண்ணீர் லேசாகத் தெளித்தேன். ஈரத்தில்தான் இந்த ஃபோம் இறுகும். டப்பாவை நன்றாகக் குலுக்கித் தலைகீழாகப் பிடித்து, சந்தின் பாதி அளவுக்கு மட்டும் விட்டேன். கண் முன்னாலேயே மாவு பொங்குவது போல மெதுவாக எழும்பி, குழாய்களைச் சுற்றிக் கவ்விக்கொண்டது. அந்தக் காட்சியை நான் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் மேலே பிதுங்கியதைக் கத்தியால் சீவ முடிந்தது.

மறுபடி ஊதுபத்தி. புகை நேராக ஏறியது.

2022 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தின அந்தக் கடுங்குளிரில் வெளியே 15-க்கும் கீழே போனது. அலமாரிக் கதவை வேண்டுமென்றே மூடி வைத்தே பார்த்தேன். உள்ளே 52. 2024 ஜனவரியிலும் அதே கதைதான், 50-க்குக் கீழே இறங்கவே இல்லை. 25 டிகிரியில் 39 இருந்த இடம் இது. நான் ஐந்துக்கு நாலரை கொடுப்பது இந்த எண்களுக்காக.

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கட்டட ஆய்வுக் குழு 1990களில் சோதித்துப் பார்த்து, இன்சுலேஷன் இல்லாத குழாய்க்கு ஆபத்து தொடங்கும் எல்லை வெளியே 20 பாரன்ஹீட் என்று சொன்னது. எங்கள் தெற்கு மாநில வீடுகளில் குழாய்கள் அட்டிக்கிலும் (கூரைக்கு அடியில் உள்ள பரண்) வெளிச்சுவரிலும் ஓடுவதால், அந்த எல்லைதான் எங்களுக்குக் கணக்கு. டெக்சாஸில் இருப்பவர்கள் 20 என்று செய்தியில் பார்த்தால் எழுந்து உட்கார வேண்டும்.

அந்த அரை மதிப்பெண் எங்கே குறைகிறது? கையுறை போடாமல் தொட்டுவிட்டால் விரலில் ஒட்டிய ஃபோம் இறுகியபின் எதற்கும் போகாது. ஈரமாக இருக்கும்போதே அசிட்டோனில் துடைத்துவிட வேண்டும். எனக்கு அது தானாக உதிர நான்கு நாள் ஆனது. டப்பாவைத் திறந்தால் அன்றைக்கே எல்லா ஓட்டையையும் முடித்துவிட வேண்டும், குழல் அடைத்துக்கொள்ளும். ஜன்னல் சட்டத்தைச் சுற்றி அடைக்க, குறைவாக விரியும் ரகம் தனியாக இருக்கிறது. சாதா ரகம் விரிகிற வேகத்தில் சட்டத்தையே வளைத்துவிடும். இறுகும் முன் தீப்பற்றக்கூடியது என்பதால் ஊதுபத்தி, அடுப்பு எதுவும் எரியக் கூடாது. வாட்டர் ஹீட்டர், ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) புகைக்குழாயைச் சுற்றி இதை விடவே கூடாது, அந்த வேலைக்குத் தகடும் சூடு தாங்கும் சீலன்டும் உண்டு.

இன்னொன்று, இது முக்கியம். செங்கல் சுவரின் அடிவரிசையில் இரண்டு மூன்று அடிக்கு ஒன்றாகக் கலவை இல்லாத சந்து விட்டிருப்பார்கள். டப்பாவில் மீதி இருக்கிறதே என்று அதையும் அடைக்கத் தோன்றும். அடைக்காதீர்கள். செங்கலுக்குப் பின்னால் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற விட்ட வழி அது. குளிர்காலத் தண்ணீரைத் தடுக்கப் போய் மழைக்காலத் தண்ணீரைச் சுவருக்குள் சிறை வைப்பதாகிவிடும்.

குழாய் உறையைப் பற்றி: அதையும் மாட்டினேன், நல்லதுதான். ஆனால் காற்றை அடைக்காமல் உறை மட்டும் மாட்டியிருந்தால், குழாய் கொஞ்சம் தாமதமாக உறைந்திருக்கும், அவ்வளவே. அட்டிக்கில் செய்பவர்கள் பஞ்சைக் குழாய்க்கு மேலே போர்த்துங்கள், கீழே போடாதீர்கள். கீழே போட்டால் வீட்டுச் சூடு குழாய்க்கு ஏறாது. தோட்டத்துக் குழாய்க்கு ஃபோம் டப்பா எதுவும் செய்யாது. ஹோஸைக் கழற்றி, நுரை மூடியை மாட்டுங்கள். 2021 போல மூன்று நாள் கரண்ட் இல்லாவிட்டால் எந்த அடைப்பும் முழுசாகக் காப்பாற்றாது. அப்போது மெயின் வால்வை மூடிக் குழாய்களைத் திறந்து வடித்துவிடுவதுதான் வழி. எங்கள் மீட்டர் பெட்டிச் சாவி இப்போது கராஜ் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. பன்னிரண்டு வயது மகளுக்கும் திருகத் தெரியும்.

அடுத்தது மாடிக் குளியலறை. தொட்டிக்குப் பின்னால் வெளிச்சுவர், அடியில் ஒரு பெரிய ஓட்டை. அட்டிக் பக்கமிருந்து புகுந்து பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டு டப்பா தேவைப்படும் என்று நினைக்கிறேன். நவம்பருக்குள் முடித்துவிட வேண்டும், டிசம்பரில் அத்தை வருகிறார்.