பழம் தின்று கொட்டை போட்டவரா, புதியவரா? ஃபேன்டஸி பிரீமியர் லீக் ஒரு மதிப்புரை

பெங்களூரின் கௌதமபுரா, ஆஸ்டின் டவுன் போன்ற பகுதிகளில் வாழும் தமிழர்களுக்குக் கால்பந்து தலைமுறை தலைமுறையாக ஊறிய ஆட்டம். கௌதமபுராவில் பெலேவுக்குச் சிலையே உண்டு. ஆகவே இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் அதிகாரபூர்வ ஃபேன்டஸி ஆட்டத்தில் (நிஜ வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, களத்தில் அவர்கள் ஆடுவதைப் பொறுத்துப் புள்ளி பெறும் இணைய ஆட்டம்) நண்பர்களுக்கென ஒரு தனி லீக் தொடங்குவதற்கு இங்கே ஆள் பஞ்சமில்லை. ஆகஸ்டில் சேர்ந்தவர் மே மாதம் வரை 38 வாரங்களும் தம் அணியைக் கவனிப்பாரா என்பதே சிக்கல். லீக் நடத்துபவருக்கு இந்தச் சேவை அதில் எந்த அளவு கைகொடுக்கிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

முதல் நிறை, இது முற்றிலும் இலவசம். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்ததும் டிரீம்11 போன்றவை கட்டணப் போட்டிகளை நிறுத்திவிட்டன. இதற்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கட்டிய காசுக்காகவாவது ஆடுவோம் என்ற பிடிமானமும் இல்லாததால், யாரைச் சேர்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

10 கோடி பவுண்டு கற்பனைப் பணத்தில் 15 வீரர்கள், ஒரு கிளப்பிலிருந்து அதிகபட்சம் மூவர் என்ற அடிப்படை விதிகளைப் புதியவர் ஒரு மாலையில் புரிந்துகொள்வார். வாரந்தோறும் கிடைக்கும் இலவச வீரர் மாற்றங்களை ஐந்து வரை சேர்த்து வைப்பது, கூடுதல் மாற்றத்துக்கு நான்கு புள்ளி இழப்பது தகுமா என்று கணக்கிடுவது ஆகியவற்றில் அனுபவசாலிக்கே கை ஓங்கும். ஆயினும் 2025-26 பருவத்தில், தடுப்பு ஆட்டக்காரர் பத்துத் தடுப்புச் செயல்களை எட்டினால் இரண்டு புள்ளி என்ற விதி வந்தபோது, பழைய கணக்குகளைப் பழையவர்களும் திருத்திப் போட வேண்டியிருந்தது.

அனுபவசாலியிடம் எனக்குள்ள தயக்கம் வேறு. இதில் ஒருவர் தம் ஒரே அணியைப் பல லீக்குகளில் சேர்க்கலாம். ஆகையால் அவர் கண் பெரும்பாலும் உலகத் தரவரிசை மீதுதான் இருக்கும். அது நவம்பரில் சரிந்துவிட்டால் அணியை அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுவார். புதியவருக்கோ நம் லீக்கே உலகம். அடுத்த மேசைக்காரரை முந்துவதற்காகவே ஏப்ரலிலும் கேப்டனை மாற்றிக்கொண்டிருப்பார்.

கைவிடப்பட்ட அணியால் வரும் கேடு, லீக்கின் வகையைப் பொறுத்தது. மொத்தப் புள்ளிகளைக் கூட்டும் கிளாசிக் லீக்கில் அது யாரையும் பாதிக்காது. ஆடாத வீரருக்குப் பதில் மாற்று வீரர் தானாகவே இறங்குவதால், ஆளில்லாத அணிகூட உயிரோடு இருப்பதுபோல் தெரியும். வாரத்துக்கு ஒருவரோடு மோதும் ஹெட்-டு-ஹெட் லீக்கில், அந்த அணியைச் சந்திப்பவருக்கு மூன்று புள்ளிகள் ஏறக்குறைய தானமாகக் கிடைக்கும். உறுப்பினர் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் செயலி சேர்க்கும் 'சராசரி' அணியே அதைவிட மானமுள்ள எதிரி. ஒரு வீரர் ஒரே அணிக்கு மட்டும் உரியவர் என்ற டிராஃப்ட் வகையில்தான் சேதம் அதிகம்: போனவர் நல்ல வீரர்களையும் தம்மோடு பூட்டி வைத்துவிடுகிறார்.

குறை என்று பார்த்தால், உறுப்பினர்களோடு பேச லீக் தலைவருக்குச் செயலிக்குள் வழியில்லை; வாட்ஸ்அப் குழுதான் கதி. கெடு நேரமும் கவனிக்கத்தக்கது. அது வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு முடிகிறது. குளிர்காலத்தில் அங்கே வெள்ளி இரவு எட்டு மணிக்கு ஆட்டமென்றால் கெடு நமக்குச் சரியாக நள்ளிரவு 12 மணி. வியாழனன்றே அணியை முடித்துவைப்பது பழையவர்களுக்குப் பழக்கம். புதியவர்களுக்கு நினைவூட்டல் தேவை.

முதல் ஆண்டில் கிளாசிக் லீக்கே போதும். புள்ளிக் கணக்கை எந்த வாரத்திலிருந்தும் தொடங்கும் வசதி அதில் இருப்பதால், இடையில் ஆர்வம் கொண்டவர்களுக்காக ஜனவரியில் இன்னொரு லீக்கைத் திறக்கலாம். மே மாதம் வரை நிலைத்தவர்களை மட்டும் அடுத்த ஆகஸ்டில் டிராஃப்டுக்கு அழையுங்கள்.