மேசைக்குள் கருவிகளா, வெளியிலா? மூன்று தச்சு மேசைகள்

வீட்டில் ஒரு தச்சு மேசை கட்டிக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் எந்த மரம் வாங்கலாம் என்று விசாரிக்கிறார்கள். அடுத்து, அடியில் எத்தனை டிராயர் வைக்கலாம் என்று கேட்கிறார்கள். மேசையின் உருவத்தையே தீர்மானிப்பது இந்த இரண்டாவது கேள்விதான். மரத்தை அசையாமல் பிடித்துக்கொள்வதே தச்சு மேசையின் வேலை. அதற்கு மேல்பலகைக்கு அடியில் காலியிடம் வேண்டும். கருவிகளும் அதே இடத்தைத்தான் கேட்கின்றன.

நம் ஊர் ஆசாரிகள் தரையில் அமர்ந்து, பாதத்தால் மரத்தை மிதித்துப் பிடித்துக்கொண்டே இழைத்தவர்கள். நின்று வேலை செய்யும் மேசைக்கு முன்மாதிரி தேடினால் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும்தான் போக வேண்டியிருக்கிறது. அங்கே பேர்பெற்ற வடிவங்கள் மூன்று.

முதலாவது பிரெஞ்சு மேசை. பாரிஸ் நகரத் தச்சர் ஆந்த்ரே ஜேக்கப் ரூபோ 1769-இல் தொடங்கி வெளியிட்ட தச்சுநூலில் இதன் படம் இருக்கிறது. ஐந்தாறு அங்குலத் தடிமனில் ஒரே பலகை, அதில் நேராகக் கழுந்திட்டு (கால் நுனியைச் செதுக்கிப் பலகையின் துளையில் செருகி) இறக்கிய நான்கு தடித்த கால்கள். கால்களின் முன்முகமும் பலகையின் முன்விளிம்பும் ஒரே நேர்கோட்டில் நிற்பதுதான் இதன் உயிர். ஆறடிக் கதவுச் சட்டத்தின் விளிம்பை இழைக்க வேண்டும் என்றால், சட்டத்தை மேசையின் முகத்தோடு அணைத்து ஒரு முனையை வைஸில் (மேசையோடு பொருத்திய திருகுப்பிடியில்) பிடித்து, மறுமுனையைக் காலோடு சேர்த்துக் கிளாம்ப் போட்டுவிடலாம். கால் உள்ளே தள்ளியிருக்கும் சாதாரண மேசையில் அந்த மறுமுனை அந்தரத்தில் ஆடும். கருவிகளுக்கு ரூபோ தரும் இடம் கொஞ்சம்தான்: ஒரு சிறு டிராயர், கீழே ஒரு தட்டு, உளிகளைச் செருகிவைக்க ஒரு சட்டம்.

இரண்டாவது ஆங்கிலேய மேசை. பீட்டர் நிக்கல்சன் 1812-இல் வெளியிட்ட நூலின் வழியாக அவர் பெயரிலேயே அறியப்படுகிறது. இதில் மேல்பலகை ஒன்றரை, இரண்டு அங்குலம்தான். பலம் முழுவதும் முன்னும் பின்னும் நிமிர்த்தி ஆணியடித்த அகலப் பலகைகளில் இருக்கிறது. ஒரு பலகையின் வளையாத தன்மை அதன் உயரத்தின் மும்மடிப் பெருக்கமாகக் கூடும். உயரம் இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. ஆகவே பத்துப் பன்னிரண்டு அங்குலம் உயர நிமிர்த்திய ஒரு அங்குலப் பலகை, மலிவு மரமாக இருந்தாலும் மேசையைத் தொய்ய விடாது. மூன்றில் செலவு குறைந்தது இதுதான், இரண்டு விடுமுறை நாளில் முடித்துவிடக்கூடியதும் இதுதான். ஆனால் அந்த முன்பலகையே இடையூறாகவும் ஆகிறது. விளிம்பில் கிளாம்ப் மாட்ட முடியாது. அடியில் எதை வைத்தாலும் குனிந்து, பலகைக்குக் கீழே கைவிட்டுத் துழாவித்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, அமெரிக்காவில் ஷேக்கர் என்ற சமயக் குழுவினர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய மேசை. தடித்த பலகைக்கு அடியில் கால்களுக்குப் பதிலாக ஒரு முழு அலமாரி, வரிசையாக டிராயர்கள், பக்கத்தில் கதவு. பார்த்தவுடன் எவருக்கும் மனம் போவது இதன்மேல்தான். கருவிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன, அவற்றின் எடையே மேசையை நகரவிடாமல் அழுத்துகிறது, இடமும் மிச்சம். அடுக்குமாடி வீட்டில் ஒரே ஒரு அறை கிடைத்தவருக்கு வேறென்ன வேண்டும்?

ஹோல்ட்ஃபாஸ்ட் பயன்படுத்தத் தொடங்கும்வரை எல்லாம் சரிதான். ஹோல்ட்ஃபாஸ்ட் என்பது வளைந்த தலையுள்ள கைத்தடி போன்ற இரும்புக் கொக்கி. முக்கால் அங்குலத் தண்டை மேசையின் துளையில் இறக்கி, வளைவின் தலையில் கொட்டாப்புளியால் ஒரு அடி. தண்டு துளைக்குள் சாய்ந்து இறுகிக்கொள்கிறது, அடியிலுள்ள மரம் அசையாது. விடுவிக்கத் தண்டின் பின்புறத்தில் ஒரு தட்டு. திருகாணி இல்லை, கைப்பிடி சுற்றும் வேலை இல்லை. கைக்கருவியில் வேலை செய்பவருக்கு இதைவிட வேகமான பிடி கிடையாது. ஆனால் மெல்லிய பலகையைப் பிடிக்கும்போது தண்டின் பெரும்பகுதி மேசைக்கு அடியில் இறங்கிவிடும். ஆறிலிருந்து எட்டு அங்குலம் வெற்றிடம் இல்லையென்றால் முதல் டிராயரில் போய் இடிக்கும். அது போதாதென்று, துளை வழியாக விழும் மரத்தூள் நேராக டிராயருக்குள், எண்ணெய் தடவிவைத்த உளிகளின்மேல் படிகிறது. தூள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துவைக்கும். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இந்தத் தூளுக்கு அடியிலிருந்துதான் துரு கிளம்புகிறது.

ஆகவே என் தேர்வு ரூபோவின் எலும்புக்கூடு, ஷேக்கரின் வயிறு. ஆனால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி. கணக்கு இதுதான். கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு வரும் உயரமே இழைப்புக்கு ஏற்றது. ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கு அது 33 அங்குலத்தை ஒட்டி வரும். அதில் மேல்பலகை 3 அங்குலம். அதற்குக் கீழே 8 அங்குலம் காலி. அதன் கீழ் 16 அங்குல உயரத்தில் மூன்று டிராயர் கொண்ட தனிப்பெட்டி. பெட்டிக்கு அடியில் 6 அங்குலம் விட்டால் துடைப்பம் போகும், தரையைக் கழுவும் தண்ணீர் பெட்டியைத் தொடாது, கரையான் ஏறினாலும் கால்களில் மண்தடம் கண்ணுக்குத் தெரியும். பெட்டியைக் காலோடு பிணைக்காமல் கீழ்ச் சட்டங்களின்மேல் வெறுமனே உட்காரவைத்து, முன்முகத்திலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தள்ள வேண்டும். அப்போதுதான் மேசையின் முகத்தில் மரத்தை அணைக்கும்போது டிராயர் பிடிகள் குறுக்கே வராது. நடுவிலுள்ள 8 அங்குலமும் வீண் இல்லை. வேலை நடக்கும்போது பெட்டியின் கூரைதான் இழைப்புளிக்கும் கொட்டாப்புளிக்கும் தங்குமிடம்.

டிராயருக்குத் திட மரத்தைவிட ப்ளைவுட் மேல். ஐப்பசி மழையில் திட மரத்தின் முகப்பு உப்பி, இழுக்க வராமல் அடம்பிடிக்கும். ப்ளைவுட்டின் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் உப்பல் சொற்பம். கடைக்காரர் டெலிஸ்கோபிக் சேனல், அதாவது குண்டுகளில் ஓடும் இரும்புத் தண்டவாளம், எடுத்து நீட்டுவார். சமையலறைக்கு அது அருமை. பட்டறையில் அதன் குண்டுகளுக்குள் தூள் அடைந்து கரகரக்கும். மெழுகு தேய்த்த மரச்சட்டத்தின்மேல் ஓடும் டிராயர் அவ்வளவு வழுக்காது, ஆனால் பழுதாகவும் அதில் ஒன்றுமில்லை. பலகையின் பின்பாதியில் பள்ளமாகக் கருவித்தட்டு வைக்கும் ஐரோப்பிய வழக்கம் ஒன்று உண்டு. சீவலும் தூளும் சேர்ந்து பென்சிலைக்கூடத் தோண்டி எடுக்கவைக்கும் அந்தக் குப்பைத்தொட்டியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மரம். மேல்பலகைக்குத் தேக்கு வேண்டாம். விலை ஒரு காரணம், எண்ணெய்ப் பசையால் ஒட்டு சரியாகப் பிடிக்காதது இன்னொன்று. ஆறடிக்கு இரண்டடி, 3 அங்குலத் தடிமன் என்றால் மூன்று கன அடி. கன அடிக்கு 20 கிலோ வரும் வேம்பு போன்ற மரத்தில் பலகை மட்டுமே 60 கிலோ. இழைக்கும்போது மேசை நகராமலிருக்க இது போதும். பழைய மரக்கடையில் கிடைக்கும் உத்தரங்கள் ஏற்கெனவே காய்ந்து முறுக்கெல்லாம் முறுக்கி முடித்தவை, கால்களுக்கு அவற்றை மிஞ்ச எதுவுமில்லை. உள்ளே புதைந்த ஆணி மட்டும் அறுப்பு வாளைத் தின்றுவிடும். காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கன்னியாகுமரிப் பக்கம் கிடைக்கும் ரப்பர் மரப்பலகையும் நல்லதுதான், போரான் மருந்தில் ஊறவைத்ததா என்று கேட்டு வாங்கினால். பதப்படுத்தாத ரப்பர் மரத்தை வண்டு மாவாக்கிவிடும்.

எதுவும் சரிப்படவில்லையா, 8-க்கு 4 அடி, 19 மில்லிமீட்டர் ப்ளைவுட் இரண்டு வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் ஆறடிக்கு இரண்டடித் துண்டு இரண்டு. நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் 76 மில்லிமீட்டர், அதாவது சரியாக நமக்கு வேண்டிய 3 அங்குலம். மிச்சம் விழும் 4-க்கு 2 அடித் துண்டுகள் இரண்டும் டிராயர் பெட்டியின் பக்கங்களாகும். இதன் குறை பின்னால் தெரியும்: திட மரப் பலகை மேடுபள்ளமானால் இழைத்துச் சமன் செய்யலாம், ப்ளைவுட்டில் ஒருமுறை இழைத்தாலே மேலடுக்கு போய்விடும். முன்விளிம்புக்காவது இரண்டு அங்குலத் திட மரம் ஒட்டிவிடுங்கள், அடி வாங்குவது அந்த இடம்தான்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு: கால்களை இணைக்கும் நீளச் சட்டங்களைக் கழுந்தில் ஒட்டாமல் போல்ட்டில் முடுக்குங்கள். பக்கவாட்டுச் சட்டங்களை மட்டும் கழுந்திட்டு ஆப்படித்து நிரந்தரமாக்கினால் போதும். இழைப்பின் தள்ளுவிசை நீளவாக்கில் போவதால் முதலில் தளர்வதும் நீளச் சட்டத்தின் மூட்டுதான். போல்ட்டை மறுபடி அரைச்சுற்று முடுக்கினால் ஆட்டம் நின்றுவிடும். மரத்தை மின்வாளில் அறுத்துத் திருகாணியில் மட்டுமே சேர்ப்பவர், இழைப்புளியையே தொடாதவர் என்றால் இத்தனை கணக்கும் வேண்டாம். ஷேக்கர் மேசையையே கட்டிக்கொள்ளலாம், டிராயரை மேல்பலகைக்கு முட்டவே வைக்கலாம்.