விமான நிலைய ஸ்பானிஷ்: ஸ்பெயின் வழக்கா, மெக்சிகோ வழக்கா?

சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து டுவோலிங்கோவில் ஸ்பானிஷ் தட்டிக்கொண்டிருக்கும் நம்மவர்களில் பலர் போகப்போவது பார்சிலோனாவுக்கு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பறக்கும் ஊர் அது. ஆனால் அந்தச் செயலி சொல்லித்தருவது பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க வழக்கு. மற்ற இடங்களில் எப்படியோ சமாளித்துவிடலாம். விமான நிலையத்தில் இரண்டும் நன்றாகவே பிரிகின்றன.

போர்டிங் பாஸ் ஸ்பெயினில் ‘தார்ஹேத்தா தே எம்பார்க்கே’, மெக்சிகோவில் ‘பாசே தே அபோர்தார்’. டிக்கெட் ஸ்பெயினில் ‘பியெத்தே’, மெக்சிகோவில் ‘போலேத்தோ’. விமானம் தாமதம் என்றால் மாட்ரிட் பலகையில் ‘ரெத்ராசாதோ’ என்று வரும்; லத்தீன் அமெரிக்காவில் ‘தெமோராதோ’ என்றும் பார்க்கலாம். போர்டிங் கேட்டுக்கு ஸ்பெயினில் ‘புவெர்தா’. மெக்சிகோவில் அதையே ‘சாலா’ என்றும் சொல்வார்கள். பள்ளிப் பாடத்தில் ‘சாலா’ என்றால் வரவேற்பறை என்று படித்தவருக்குக் கொஞ்சம் திகைப்பாக இருக்கும்.

பெட்டியை கவுண்டரில் போடுவதுதான் இருப்பதிலேயே குழப்பம். ஸ்பெயினில் அதற்கு ‘ஃபாக்துரார்’. செக்-இன் பகுதியின் பலகையிலும் அதே சொல்லின் இன்னொரு வடிவமான ‘ஃபாக்துராசியோன்’தான் இருக்கும். மெக்சிகோவில் ‘ஃபாக்துரார்’ என்றால் வரி ரசீது போடுவது. அங்கே பெட்டியை ‘தோக்குமென்தார்’ செய்ய வேண்டும். அந்தச் சொல்லை மாட்ரிட்டில் சொன்னால் ஆவணம் ஏதோ கேட்கிறார் போல என்று பார்ப்பார்கள்.

பஸ், டாக்சி பிடிக்க ஸ்பெயின்காரர்கள் சாதாரணமாகச் சொல்லும் வினை ‘கோஹேர்’. மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது கெட்ட வார்த்தை. பெரியவர்கள் கூட இருந்தால் தர்மசங்கடம்தான். ‘தோமார்’ என்றால் இரண்டு பக்கமும் தொல்லையில்லை.

என் கணக்கு இதுதான்: படிக்க ஸ்பெயின் சொற்கள், பேச லத்தீன் அமெரிக்கச் சொற்கள். பலகை நமக்காக மாறாது. ‘ஃபாக்துராசியோன்’, ‘அசேயோஸ்’ (கழிப்பறைகள்) இரண்டையும் பார்த்தவுடன் புரிந்துகொள்ளத் தெரியவேண்டும். வாயால் கேட்கும்போது ‘பாஞோ எங்கே’ என்றாலே கழிப்பறைக்கு வழி காட்டுவார்கள், ‘போலேத்தோ’ என்றாலும் புரிந்துகொள்வார்கள். மெக்சிகோவுக்கோ கொலம்பியாவுக்கோ போகிறவர் ஸ்பெயின் பட்டியலை விட்டுவிடலாம். இங்கிருந்து அந்தப் பக்கம் நேரடி விமானம் கிடையாது, எங்காவது மாறித்தான் போகவேண்டும், அதனால் ‘எஸ்காலா’ என்ற சொல் மட்டும் கட்டாயம். வழியில் நிற்பதை அப்படிச் சொல்வார்கள், இது இரு வழக்குக்கும் பொது. விமானப் பயணத்துக்கு ‘புவேலோ’, சுங்கத்துக்கு ‘அதுவானா’ என்பவையும் அப்படியே.

உச்சரிப்பில் நமக்குச் சாதகம். ஸ்பானிஷ் ‘த’ பல்லில் நாக்கு படும் நம்ம ‘த’தான்; ‘பாஞோ’வில் வரும் ‘ஞ’வுக்கும் புதிதாக எதுவும் பழக வேண்டாம். ஆங்கில டகரத்தைக் கொண்டுபோகாமல் தமிழ் வாயோடு பேசினால் போதும்.

சரி, பார்சிலோனாவில் இன்னொரு விஷயம். எல் பிராட் விமான நிலையத்தின் பலகைகளில் அந்த வட்டாரத்தின் கட்டலான் மொழியும் இருக்கும். புறப்பாட்டுக்கு ‘சாலிதாஸ்’ தேடுகிறவர் கண்ணில் ‘சொர்தீதெஸ்’ படும். வருகைக்கு ‘யெகாதாஸ்’ என்று படித்துப் போனால் ‘அரிபாதெஸ்’. ஆங்கிலமும் ஸ்பானிஷும் பக்கத்திலேயே இருப்பதால் தொலைந்துபோக மாட்டீர்கள். நான்கு ஆட்சிமொழிகளோடு வளர்ந்த நமக்கு இது பழக்கமான காட்சிதானே.

நேரம் குறைவாக இருந்தால் இரண்டு பட்டியலையும் ஓரமாக வைத்துவிட்டு எண்களைப் படியுங்கள். 60 ‘செசென்தா’, 70 ‘செத்தென்தா’. கேட் எண்ணை வாயால் சொல்லும்போது இந்த இரண்டையும் பிரித்துக் கேட்பது கடினம். சந்தேகமாக இருந்தால் போர்டிங் பாஸை நீட்டி, எண்ணை விரலால் காட்டச் சொல்லுங்கள்.