காரைக்குடிப் பழைய வீட்டுத் தரகு அலுவலகம்: பத்திரத்தில் தேர்ச்சி, கூரையில் தளர்ச்சி

செட்டிநாட்டில் பழைய வீடொன்று விலைக்கு வருகிறது என்று தெரிந்தால், முதலில் வந்து நிற்பவர் பெரும்பாலும் மர வியாபாரிதான். தூண் இத்தனை, நிலை இத்தனை, பர்மாத் தேக்கு இத்தனை கன அடி என்று அவர் போடும் கணக்கே அந்த வீட்டின் விலையாக ஊரில் நிலைத்துவிடுகிறது. அப்படிப் பிரித்தெடுத்த தூண்களையும் கதவுகளையும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் யாரும் பார்க்கலாம். இந்த வட்டாரத்தை 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள் என்றாலும், தனியார் வீடு இடிபடுவதை அந்தப் பட்டியல் தடுத்துவிடாது. ஆகவே, இடிப்பதற்கென்று கேட்பவருக்கு வீடு முடித்துத் தர மறுக்கும் தரகு அலுவலகம் ஒன்று காரைக்குடியில் இருக்கிறது என்று அறிந்ததும், கானாடுகாத்தான் பக்கத்தில் வீடு வாங்க அவர்களையே நாடினேன். விளம்பரம் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயரைக் குறிப்பிடவில்லை.

இவர்களுடைய பலம் பத்திர வேலை. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பணத்தில் ஒருவர் கட்டிய வீட்டுக்கு, மூன்று நான்கு தலைமுறைகள் கழிந்த இன்று உரிமையாளர்கள் ஏராளம். முகப்பும், நடுமுற்றப் பகுதியான வளவும் பொது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் மணமான ஆண் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாக ஒதுக்கப்பட்டவை. அந்த அறைகளின் சாவிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கும். இவர்களிடம் வருவதற்கு முன் வேறொரு தரகர், ஒரு பங்கை மட்டும் வாங்கிப் போட்டால் மற்றவை தானாக வந்துவிடும் என்று என்னிடம் ஆசை காட்டியிருந்தார். அதிலுள்ள ஆபத்தை முதல் நாளிலேயே இந்த அலுவலகத்தார் விளக்கினார்கள். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 44ஆம் பிரிவின்படி, குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் பிரிக்கப்படாத பங்கை வாங்கும் வெளியாள், அந்த வீட்டில் அவர்களோடு கூட்டாகக் குடியிருக்க உரிமை கோர முடியாது. அவர் பாகம் கேட்டு வழக்குத் தொடுத்தாலோ, 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் 4ஆம் பிரிவின்படி குடும்பத்தினர் நீதிமன்றம் மதிப்பிடும் விலையைக் கொடுத்து அவரது பங்கைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டைக் கட்டியவர் தொடங்கி வம்சாவளியை ஒரு பெரிய தாளில் வரைந்து, இறந்தவர் ஒவ்வொருவருக்கும் வாரிசுச் சான்று கேட்கிறார்கள். பெண் மக்களை விட்டுவிடும் பழக்கம் இவர்களிடம் இல்லை. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டத்தைத் திருத்தியது. அதற்கு முன் மணமான பெண்களை அத்திருத்தம் விலக்கியிருந்த குறையை 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் நீக்கியது. எங்கள் பேச்சுவார்த்தையின்போது, வயதான அக்காவின் கையெழுத்து தேவையில்லை என்று தம்பிகள் சொன்னபோது, அலுவலகத்துப் பெரியவர் அவர் பக்கம் திரும்பி, “ஆச்சி, நீங்க கையெழுத்துப் போடாம நாங்க முன்பணத்தைத் தொட மாட்டோம்” என்றார். “எனக்குப் பணம் பெரிசில்லங்க. சாமி வீட்டை இடிச்சுப்புடாம இருந்தாச் சரி, வருசா வருசம் படைப்புக்கு நாங்க வரணும்” என்றார் அந்த ஆச்சி. வீட்டில் முன்னோரை வணங்கும் இடமான சாமி வீட்டில், ஆண்டுதோறும் அவர்களுக்குப் படையலிடும் படைப்பை நடத்த அந்தக் குடும்பத்துக்கு அனுமதி உண்டு என்ற வாசகம் அன்றே உடன்படிக்கையில் ஏறியது. பல வீடுகளின் விற்பனை இந்த இடத்தில்தான் முறிகிறது. அதை மதித்து எழுத்தில் கொண்டுவந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வெளிநாட்டிலுள்ள பங்குதாரர்கள் தங்கள் சார்பில் கையெழுத்திட ஒருவரை நியமித்து அங்கே எழுதிய அதிகாரப் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும் என்பதை அவர்களே நினைவில் வைத்து முடித்தார்கள். கணினிக்கு முந்தைய பதிவுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைப்பட வில்லங்கம் தேடினார்கள். இவை எல்லாவற்றையும்விட, தூண், நிலைக்கதவு, ஊஞ்சல் பலகை, கண்ணாடி விளக்கு என்று வீட்டில் உள்ளவற்றைப் படத்துடன் பட்டியலிட்டு உடன்படிக்கையோடு இணைத்ததை நான் உயர்வாகச் சொல்வேன். முன்பணத்துக்கும் பத்திரப் பதிவுக்கும் இடைப்பட்ட காலத்தில் கதவுகள் காணாமல் போகும் வழக்கம் இவ்வட்டாரத்தில் உண்டு.

கட்டடத்தைச் சோதிப்பதில்தான் இவர்கள் ஏமாற்றம் அளித்தார்கள். உடன் வந்த கொத்தனார் வளவில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, கூரை நன்றாக இருக்கிறது என்றார். பிறகு நான் தனியே அழைத்துச் சென்ற சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரி ஏணி வைத்து ஏறி, இரண்டு ஓட்டுச் சரிவுகள் சேரும் மூலையில் பதித்திருந்த தகரம் இற்றுப் போயிருப்பதையும், அதன் கீழுள்ள தேக்கு விட்டம் நகத்தால் கீறினாலே உதிரும் அளவுக்கு உளுத்திருப்பதையும் காட்டினார். சுவரில் இன்னொரு கோளாறு இருந்தது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பழைய சுண்ணாம்புப் பூச்சின் அடிப்பகுதியை யாரோ முழங்கால் உயரத்துக்குக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் சிமெண்ட்டைத் தாண்டி வெளியேற வழியில்லாமல் மேலே போய், அதற்குச் சற்று மேலிருந்த பளபளப்பான பூச்சைச் செதில் செதிலாக உரித்துக்கொண்டிருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஏணிகூடத் தேவையில்லை. பழைய வீட்டையே தொழிலாகக் கொண்டவர்கள் கவனித்திருக்க வேண்டும். பழுதுபார்க்க என்ன செலவாகும் என்று எழுத்தில் கேட்டபோதும் தெளிவான பதில் கிடைக்கவில்லை.

தரகு இரு தரப்பிடமும் இரண்டு விழுக்காடு. முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என அரசுக்கு 9 விழுக்காடு போகிறது. பங்காளிகளைக் கூட்டி உட்காரவைக்கும் உழைப்பைப் பார்க்கையில் அந்தத் தரகை அதிகம் என்று சொல்ல மாட்டேன். பத்திர வேலையை இவர்களிடம் நம்பி ஒப்படைக்கலாம். வீட்டைப் பார்க்க மட்டும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் உங்கள் மேஸ்திரியோடு போங்கள். அவர் கூரைமேல் ஏறி இறங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள்.